மறைத்த மருந்தும் மறையாத தீங்கும்
விளையாட்டு வீரர்களின் குடும்பத்தாருக்கு ஒரு பாடம்

சாரல் காலம் முடிந்து கோயில் கொடைகளும் கபடிப் போட்டிகளும் தொடங்கும்போது எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். வயது பதினெட்டு முதல் இருபத்தைந்துக்குள் இருக்கும். உடல் கல்லைப் போல இறுகியிருக்கும். நாடித்துடிப்பு நூற்றுப் பத்து, நூற்று இருபது என ஓடும். ரத்த அழுத்தம் அந்த வயதுக்குப் பொருந்தாத உயரத்தில் நிற்கும். உடன் வரும் தாயார்தான் பேசுவார்: "ராத்திரி உறக்கமே இல்ல சார். தொட்டதுக்கெல்லாம் கோவப்படுதான். கேட்டா ஒண்ணும் இல்லைங்கான்." பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இது தனி ஒருவரின் கதை அன்று. பலரிடம் கண்டதை, யாரையும் அடையாளம் காட்டாத வண்ணம் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறோம். கடையம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம் பகுதிகளில் கபடி ஆடுவோர், ஓட்டப் பயிற்சி செய்வோர், காவலர் தேர்வின் உடற்தகுதிச் சோதனைக்கு ஆயத்தமாவோர் பலர் உள்ளனர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல் துறையிலோ ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஆடுகிறவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை ஒரு ஊசியோ, ஒரு மாத்திரையோ, ஓர் இரவுச் சண்டையோ கெடுத்துவிடக் கூடும். எனவே இவ்விதழில் ஊக்கமருந்து, போதைப்பொருள், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய மூன்றையும் பற்றி வீரர்களின் பெற்றோருக்கு விளங்கும்படி எழுதுகிறோம்.

மூன்றும் ஒன்றல்ல

நம் வீடுகளில் இவை எல்லாவற்றையும் "கெட்ட பழக்கம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால்தான் எதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் போகிறது. அமெரிக்காவில் தலைக்கவசம் அணிந்து ஆடும் கால்பந்து ஒன்று உண்டு. நாம் அறிந்த கால்பந்து வேறு. அது மோதி வீழ்த்தும் ஆட்டம். அந்நாட்டிலேயே மிகுதியான பணம் புழங்கும் தொழில்முறை ஆட்டம் அதுதான். அதன் தேசிய சங்கம் தன் வீரர்களுக்கு மூன்று தனித்தனி விதிமுறைகளை வைத்திருக்கிறது. ஆட்டத்திறனைச் செயற்கையாகக் கூட்டும் மருந்துகளுக்கு ஒன்று, போதைப்பொருளுக்கு ஒன்று, அடிதடி, குடும்ப வன்முறை, சட்ட மீறல் போன்ற நடத்தைக்கு ஒன்று. இந்தப் பகுப்பு மருத்துவ நோக்கிலும் சரியானது. முதலாவது ஏமாற்று. இரண்டாவது பெரும்பாலும் நோய். மூன்றாவது மற்றொருவருக்கு இழைக்கும் தீங்கு. மூன்றுக்கும் ஒரே தண்டனை தருவது தவறு. மூன்றையும் ஒரே மாதிரி மறைப்பது அதைவிடப் பெரிய தவறு.

அச்சங்கமும் இதைத் தடுமாறித்தான் கற்றது. 2014இல் ரே ரைஸ் என்ற வீரர் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைத் தாக்கியதற்கு முதலில் விதித்த தண்டனை 2 ஆட்டங்களில் விலக்கு மட்டுமே. அதே ஆண்டில் ஜாஷ் கார்டன் என்ற வீரருக்குக் கஞ்சாப் பரிசோதனையில் சிக்கியதற்காக ஓராண்டு விலக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் அது 10 ஆட்டங்களாகக் குறைந்தது. ஒரு பெண்ணை அடித்தவனைவிடத் தன் உடலைக் கெடுத்துக்கொண்டவனுக்குப் பன்மடங்கு தண்டனையா என்று மக்கள் கேட்டனர். அவ்வாண்டே குடும்ப வன்முறைக்கு முதல் முறையே 6 ஆட்டங்கள் விலக்கு என்ற அடிப்படை வகுக்கப்பட்டது. 2020இல் ஏற்பட்ட புதிய ஒப்பந்தத்தின்படி, கஞ்சாப் பரிசோதனையில் சிக்கினால் மட்டும் ஆட்டவிலக்கு விதிக்கும் வழக்கம் நீக்கப்பட்டது. சிகிச்சைக்கு முதலிடம் தரப்பட்டது.

அதே சங்கத்தின் ஊக்கமருந்து விதியில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்டீராய்டு எடுத்தது தெரிந்தால் 6 ஆட்டங்கள் விலக்கு. பரிசோதனையை ஏமாற்ற முயன்றால் 8 ஆட்டங்கள். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் ஆடுவது 17 ஆட்டங்களே. விலக்குக் காலத்துக்கு ஊதியமும் கிடையாது. எடுத்ததற்கு உள்ள தண்டனையைவிட மறைத்ததற்கு உள்ள தண்டனை பெரிது. இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவதும் இதுதான்.

நம் மண்ணில் நடந்தவை

திருச்சிராப்பள்ளியை அடுத்த முடிகண்டம் என்ற சிற்றூரில் பிறந்தவர் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். அவரது ஊரும் வறுமையும் உழைப்பும் அன்று எல்லா நாளிதழ்களிலும் வந்தன. தமிழ்நாடே அவரைத் தன் வீட்டுப் பெண்ணாகக் கொண்டாடியது. அதன் பின்னர் அவரது சிறுநீர் மாதிரிகளில் நான்ட்ரோலோன் என்னும் ஸ்டீராய்டின் சிதைபொருள் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. தாம் தடைசெய்யப்பட்ட எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். முடிவில் 2019 மே 17 முதல் 4 ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் பறிபோனது.

அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் முற்படவில்லை. விளையாட்டுச் சட்டம் எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் சுட்டுகிறோம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியின் அடிப்படை மிகக் கண்டிப்பானது: உன் உடலுக்குள் இருப்பதற்கு நீயே பொறுப்பு. யார் கொடுத்தார், எதில் கலந்திருந்தது என்பதெல்லாம் அதற்குப் பின்னரே வரும் வினாக்கள். ஸ்டீராய்டு போன்றவற்றில் வழக்கமான தடை 4 ஆண்டுகள். வேண்டுமென்று எடுக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமையும் வீரர் மேலேயே விழும். ஓட்டப்பந்தய வீரருக்கு 4 ஆண்டு என்பது பெரும்பாலும் அவரது விளையாட்டு வாழ்வின் முழு இளமை.

இன்னொரு நிகழ்வு நம் எல்லார் வீட்டுக்கும் பொருந்துவது. கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவிடம் 2019 பிப்ரவரி 22 அன்று எடுக்கப்பட்ட மாதிரியில் டெர்புட்டலின் இருந்தது. இது மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து. கடைகளில் கிடைக்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் கலந்திருப்பது. இருமலுக்காக அறியாமல் குடித்ததாக அவர் சொன்னதைக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் 8 மாதத் தடை விதித்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று ஒப்புக்கொண்ட பின்னரும் 8 மாதம். ஒரு பாட்டில் இருமல் மருந்தின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவை ஒன்றிரண்டு பேரின் கதைகள் என்று எண்ண வேண்டாம். 2024இல் இந்தியாவில் சோதிக்கப்பட்ட 7,113 மாதிரிகளில் 260இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. மிகுதியான சோதனைகள் நடத்தும் நாடுகளில் இந்த விகிதம் நமக்கே மிக அதிகம். 2022இல் நாடாளுமன்றம் இதற்கெனத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தையே இயற்றியது. மாநில, தேசியப் போட்டிகளுக்குச் செல்லும் எந்தக் கிராமத்து வீரரும் ஒரு நாள் அந்தச் சிறுநீர்க் குப்பியின் முன் நிற்க நேரிடலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

ஸ்டீராய்டு என்ற சொல் பலரைக் குழப்புகிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு அழற்சிக்கும் நாங்கள் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஒரு வகை. தசை வளர்ப்பதற்காகத் திருட்டுத்தனமாக விற்கப்படுவது, ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனை ஒத்த வேறு வகை. பின்னதை வெளியிலிருந்து செலுத்தினால், இனி நாம் சுரக்கத் தேவையில்லை என்று மூளை முடிவு செய்கிறது. விதைப்பைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது. அதிகமான இயக்குநீரில் ஒரு பகுதி பெண் இயக்குநீராக மாறி, ஆண்களுக்கு மார்பு வளர்கிறது. வளரும் வயதுச் சிறுவனுக்கு எலும்பின் வளர்நுனிகள் முன்னதாகவே மூடிக்கொள்வதால் உயரம் நின்றுவிடுகிறது. பெண்களுக்குக் குரல் தடித்துவிட்டால் அது பெரும்பாலும் திரும்புவதில்லை. நல்ல கொழுப்புக் குறைந்து, இதயத்தின் சுவர் தடித்து, இளவயதிலேயே மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் வரக்கூடும். நிறுத்தியவுடன் கடும் சோர்வும் மனச்சோர்வும் தாக்குகின்றன. தற்கொலை எண்ணம் வருவதும் உண்டு. ஆதலால் நிறுத்துவதையும் மருத்துவர் துணையோடு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் அண்மைக் காலமாகப் பெரும் கவலை தருவது மெஃபென்டெர்மின் என்னும் ஊசி. அறுவை அரங்கில் மயக்கம் கொடுக்கும்போது ரத்த அழுத்தம் தாழ்ந்தால் அதை உயர்த்துவதற்காக மயக்கவியல் மருத்துவர் பயன்படுத்தும் மருந்து அது. கண்காணிப்புக் கருவிகளுக்கு நடுவே, அளந்து செலுத்தப்படுவது. அதை உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறையில் போட்டுக்கொண்டால் சோர்வு தெரியாது, எடை தூக்கலாம், நெடுநேரம் ஆடலாம். விலை பின்னர் வரும்: படபடப்பு, உறக்கமின்மை, காரணமற்ற சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்ற மனச்சிதைவுக் குறிகள், இதயத் துடிப்புக் கோளாறு, ஊசி இல்லாமல் இருக்க முடியாத அடிமை நிலை. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவும். போட்டிக் காலத்தில் இது தடைசெய்யப்பட்ட மருந்துமாகும்.

மேலே சொன்ன பையனை நினைத்துப் பாருங்கள். நாடி நூற்று இருபது, உறக்கமில்லை, கோபம். அவன் ஊசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நாங்கள் தைராய்டு நோயைத் தேடுவோம், சிறுநீரகத்தைத் தேடுவோம், பணமும் நாளும் வீணாகும். அதனினும் ஆபத்தானது, உள்ளே இருக்கும் மருந்தோடு மோதக்கூடிய வேறொரு மருந்தை நாங்களே எழுதிவிடக் கூடும். விளையாட்டுச் சட்டத்தில் மறைத்தலின் விலை ஆண்டுக் கணக்கில் வரும். மருத்துவமனையில் அதன் விலை உயிராகவும் இருக்கலாம்.

ஒப்புக்கொள்வோருக்குத் திறந்திருக்கும் வழிகள்

"சொன்னால் மாட்டிக்கொள்வான்" என்பதே குடும்பங்களின் பெரிய அச்சம். உண்மையில் சட்டங்கள் சொல்வோருக்குச் சில கதவுகளைத் திறந்தே வைத்திருக்கின்றன.

உலக விதியின்படி, 4 ஆண்டுத் தடைக்குரிய குற்றச்சாட்டு அறிவிக்கப்பட்ட 20 நாள்களுக்குள் வீரர் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஓராண்டு குறைக்கப்படுகிறது. மாறாக, மாதிரி தர மறுத்து ஓடுவது தனிக் குற்றம். அதற்கும் 4 ஆண்டு வரை தடை உண்டு.

கஞ்சா, கோகைன், ஹெராயின் போன்ற போதைப்பொருள்களுக்கு 2021 முதல் தனி வழி உள்ளது. போட்டிக்கு வெளியே, ஆட்டத்திறனுக்குத் தொடர்பின்றிப் பயன்படுத்தியதாக வீரர் நிறுவினால் தடை 3 மாதம். ஏற்கப்பட்ட சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் அது 1 மாதமாகலாம்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இவ்வாறான இரக்கம் உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். விற்பவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. நோயாளிக்கும் வியாபாரிக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமே அறிந்திருக்கிறது. வீட்டில் நாமும் அறிய வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காவலர் பணிக்குத் தேர்வானவரின் முன்நடத்தையைச் சரிபார்ப்பது வழக்கம். அங்கே ஒரு வழக்கை மறைத்துப் படிவத்தை நிரப்பி, அது பின்னர் வெளிப்பட்டால், மறைத்ததே வேலையை இழப்பதற்குத் தனிக் காரணம் ஆகிவிடலாம்.

கோபமும் குற்றமும்

ஊக்கமருந்து எடுத்தவர் அடித்துவிட்டால் "மருந்துதான் அடித்தது" என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. ஸ்டீராய்டும் தூண்டு மருந்துகளும் எரிச்சலையும் சண்டைக் குணத்தையும் கூட்டக்கூடியவை என்பது உண்மை. எல்லாருக்கும் கூட்டுவதில்லை என்பதும் உண்மை. மருந்து எடுக்கும் முடிவைச் செய்தவர் அதன் விளைவுக்கும் பொறுப்பாவார். மனைவியோ தாயோ அடிபட்டால், மருந்து இறங்கும் வரை பொறுத்திருக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181. காவல் துறைக்கு 100 அல்லது 112.

தலைக்காயத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டவர்களுக்கு மூளை மெல்லச் சிதையும் நோய் ஒன்று வருவதை 2002இல் பென்னட் ஒமாலு என்ற நோயியல் மருத்துவர், மைக் வெப்ஸ்டர் என்ற முன்னாள் வீரரின் மூளையை ஆராய்ந்து கண்டார். நினைவு குறைதல், மனச்சோர்வு, தன்னடக்கம் இழத்தல் ஆகியவை அதன் குறிகள். கொலைக் குற்றத்துக்காக 2015இல் தண்டிக்கப்பட்ட ஏரன் ஹெர்னாண்டஸ் என்ற வீரர் 2017இல் தமது 27ஆம் வயதில் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது மூளையிலும் இந்நோய் முற்றிய நிலையில் இருந்தது. அந்த நோயால்தான் அவர் கொலை செய்தார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. இந்நோய் உள்ள பெரும்பாலோர் எவரையும் கொல்வதில்லை.

இதிலிருந்து நம் கபடிக் களங்களுக்கு ஒரு பாடம் உண்டு. பிடிபட்டு விழுகையில் தலை தரையில் மோதி, சிறிது நேரம் தடுமாறிய பையன் "ஒண்ணும் இல்ல" என்று மறுபடி பாடப் போகிறான். அதுவும் ஒரு மறைத்தலே. அன்றைய ஆட்டத்திலிருந்து அவனை வெளியே அழையுங்கள். வாந்தி, மயக்கம், கடும் தலைவலி, குழப்பமான பேச்சு இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

குற்றச்சாட்டு எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலமும் 2012 லண்டனில் வெள்ளியும் வென்ற மல்யுத்த வீரர் சுஷில் குமார், ஓர் இளம் மல்யுத்த வீரரின் கொலை வழக்கில் 2021 மே மாதம் கைதானார். அதை மருந்தோடு தொடர்புபடுத்தி நாங்கள் பேசவில்லை. குற்றவாளியா இல்லையா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அவர் பணியாற்றிய ரயில்வே, தீர்ப்புக்குக் காத்திராமல் அம்மாதமே அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் அதைத் தடுக்கவில்லை. பதக்கம் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணும் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குறை

குற்றத்தை எல்லாம் வீரர்கள் மேல் சுமத்துவது நேர்மையாகாது. மருந்துச்சீட்டு எழுதும் நாங்கள், "நீ போட்டிகளில் ஆடுகிறாயா?" என்று கேட்க மறந்துவிடுவது உண்டு. முழங்கால் வலிக்கு மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. வலி மருந்தான டிரமடால் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. நீர்ப்போக்கு மாத்திரைகளும் இன்சுலினும் எப்போதும் தடைப்பட்டியலில் உள்ளவை. இவை எல்லாம் நாள்தோறும் எங்கள் கையால் எழுதப்படுபவை.

அதற்காக நோயுள்ள வீரர் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை நோயுள்ள வீரருக்கு இன்சுலின் தேவை. உரிய சான்றுகளுடன் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சைக்கான விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புட்டமால் குறிப்பிட்ட அளவு வரை அனுமதிக்கப்பட்டதே. பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் தடைசெய்யப்பட்டவை அல்ல. நோய்க்கு மருந்து இல்லை என்ற நிலை எந்த வீரருக்கும் இல்லை. கேட்டுப் பெற வேண்டும், அவ்வளவே.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. எந்த மருத்துவரிடம் சென்றாலும், சளிக்கே ஆனாலும், முதல் வாக்கியமாக "இவன் போட்டிகளில் ஆடுகிறான்" என்று சொல்லுங்கள்.

2. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் இருமல் மருந்தோ வலி ஊசியோ வாங்காதீர்கள். மருந்தின் அட்டையையும் சீட்டையும் எறியாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். பின்னாளில் சான்று தேவைப்பட்டால் அதுவே துணை.

3. புரதப்பொடி டப்பாவில் எழுதியிருப்பது மட்டுமே உள்ளே இருக்கிறது என்று நம்பாதீர்கள். சிலவற்றில் அட்டையில் சொல்லாத ஸ்டீராய்டும் தூண்டு மருந்தும் கலந்திருப்பதுண்டு. முட்டை, மீன், பயறு, நிலக்கடலை, பால் ஆகியவை நம்மூர் வீரருக்குப் போதுமான புரதம் தரும்.

4. தோள், புட்டப் பகுதிகளில் ஊசித் தழும்பு, திடீர்த் தசை வளர்ச்சி, முதுகெங்கும் பருக்கள், மார்பு வளர்தல், உறக்கமின்மை, பொருந்தாத கோபம், கணக்கு வராத செலவு ஆகியவற்றைக் கண்டால் கவனியுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஐயப்பட வேண்டாம். பல சேர்ந்து வந்தால் அழைத்து வாருங்கள்.

5. கேட்கும்போது ஊரார் முன் கேட்காதீர்கள். அடித்துக் கேட்டால் பொய்தான் வரும். உறங்கப் போகும் முன் தனியே, "எதுவாயிருந்தாலும் சொல், சேர்ந்து டாக்டரிடம் போவோம்" என்று கேளுங்கள்.

6. பயிற்சியாளரே மருந்து கொடுத்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் எடுக்க வேண்டாம். தடை வந்தால் ஆண்டுகளை இழப்பவர் உங்கள் பிள்ளை.

7. போதைப் பழக்கத்துக்குத் தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

நோயாளி எங்களிடம் சொல்வதை அவரது பயிற்சியாளருக்கோ விளையாட்டுச் சங்கத்துக்கோ நாங்கள் சொல்வதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும், காப்பாற்றுவதற்குத் தேவையான அளவு குடும்பத்தாரிடம் பேசுவோம். இந்த நம்பிக்கை இல்லாமல் சிகிச்சை நடவாது.

தொடக்கத்தில் சொன்ன பையனிடம் திரும்புவோம். அத்தகையோரிடம் நாங்கள் செய்வது எளிய ஒன்று. தாயாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, "உன்னை யாரிடமும் காட்டிக்கொடுக்க மாட்டோம். என்ன போட்டாய், எத்தனை நாளாய்?" என்று கேட்கிறோம். பலர் உடனே சொல்வதில்லை. சிலர் அடுத்த முறை வந்து சொல்கிறார்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் மற்றவை எங்கள் வேலை. இதயத்தைப் பரிசோதித்து, படிப்படியாக மருந்தை விடுவித்து, உறக்கத்தைத் திருப்பித் தர எங்களால் முடியும். சில மாதங்கள் ஆகும். அந்தப் பருவத்தின் போட்டிகள் போய்விடும். ஆனால் அடுத்த கொடைக்கு அவன் தன் சொந்த மூச்சோடு பாடிப் போவான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், போட்டி முடியட்டும் என்று காத்திராதீர்கள். இந்த வாரமே அழைத்து வாருங்கள்.